என் பெயரில் ஓடிய கார்

8 ஜூலை 2025, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. ‘அக்காவுக்குப் போன் செய்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். செய்யவில்லை. எண்ணை அழுத்தினேன், அங்கே மணி அடிக்கும் முன்பே நிறுத்திவிட்டேன். அதைப் போன் செய்ததாகச் சேர்க்க முடியாது. நேற்றைய பக்கத்தில் அடித்துத் திருத்த மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜோகூர் ஸ்கூடாயில் மாலை நேரக் கணக்கியல் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், பைரோஸ் சார் எங்கள் எல்லாரையும் தினமும் ஐந்து வரி எழுதச் சொன்னார். என்ன செலவு, எதற்காகச் செலவு, அவ்வளவுதான். மற்றவர்கள் இரண்டாம் வாரமே விட்டுவிட்டார்கள். எனக்கு விடவும் தெரியவில்லை, ஐந்து வரியில் நிற்கவும் தெரியவில்லை.

போன வாரம் வகுப்பில், “கடனே இல்லாதவங்க கை தூக்குங்க” என்றார் சார். நான் தூக்கினேன். என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. செருப்பு வாங்கிய தவணை ஒன்று போன் செயலியில் இருந்தது. அதையும் ஜூன் மாதமே முடித்துவிட்டேன். வகுப்பில் நான்கு கைகள்தான் மேலே இருந்தன. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“சரி, தூக்கினவங்க தூக்காதவங்க எல்லாரும் அவங்கவங்க கடன் அறிக்கைய எடுத்துட்டு வாங்க. மத்திய வங்கி இணையத்துல காசில்லாமக் கிடைக்கும்” என்றார்.

நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி: வாகனக் கடன். அதற்கு எதிரே பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் பூஜ்யம் இருக்கும். பாக்கி இருந்தால், எத்தனை மாதத் தவணை பாக்கியோ அந்த எண் இருக்கும். என் கட்டங்களில் முதலில் சில பூஜ்யங்கள். பிறகு ஒன்று, ஒன்று, இரண்டு. ஓரிடத்தில் மறுபடி ஒன்று. கடைசியில் மூன்று.

அந்தக் கார் இரண்டரை மணி நேர பஸ் தூரத்தில், தங்காக்கில், ஷாமளா அக்கா வீட்டு வாசலில் நிற்கிறது. வெள்ளை மைவி. மூன்று வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட ஓட்டியதில்லை. பின்சீட்டில் அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, கை தூக்கியபோது அந்தக் கடன் நினைவுக்கே வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

கார் வாங்கியபோது அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. அக்காவின் கணவர் ராஜசேகரன், நான் சேகர் மாமா என்று கூப்பிடுவேன், ஒரு நாள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கிரெடிட் கார்டைக் கட்டாமல் விட்டிருக்கிறார். எந்த வங்கியும் அவருக்குக் கடன் கொடுக்காது. அக்காவிடம் அதைச் சொன்னதே இல்லை. “பேர மட்டும் குடு லோஷி. மாசாமாசம் நான் கட்டிடறேன்” என்றார்.

பேர் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. தம்பி மோட்டார் சைக்கிளுக்கு அண்ணன், மச்சான் லாரிக்கு மாப்பிள்ளை என்று யாராவது யாருக்காவது கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். மறுத்தால்தான் பேச்சு வரும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உலு திராமில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வங்கி நம்பும் பெயர் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று கேட்கவே நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “ஷாமளாவுக்குத் தெரிய வேணாம். புருஷன் வாங்கிக் குடுத்ததாவே இருக்கட்டும்.”

கார் வந்த அன்று கோயில் வாசலில் பூசை போட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு சூடம் காட்டினாள். “பாத்தியா லோஷி, பிள்ளை வர்றதுக்கு முன்ன காடி வந்துருச்சு. என் வீட்டுக்காரர் சொன்னா செய்வாரு” என்றாள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைய செலவு: பஸ், சாப்பாடு, பத்து வெள்ளி. நாளை அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும்.

10 ஜூலை, வியாழன்

நேற்றும் போன் செய்யவில்லை.

வகுப்பு முடிந்ததும் பஸீலா என்னை அவளுடைய அத்தா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. என் அறிக்கையை நான் மடித்து வைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

“கடனே இல்லாத மகராசி கை தூக்குனாங்க பாரு. நானும் தூக்கியிருப்பேன். நல்ல வேள, கையில கறிபஃப் இருந்துச்சு.”

“சும்மா இரு பஸீலா.”

“எப்படிச் சும்மா இருக்க? மூணு மாசம் பாக்கி. பேங்க்காரன் காடிய இழுத்துட்டுப் போயிருவான்லா.”

“போகட்டுமே. கடன் ஒழிஞ்சுது.”

“எங்க ஒழியும்? ஏலத்துல கெடச்ச வெலைக்குத் தள்ளிவிடுவான். இருபத்தெட்டாயிரம்னு வச்சுக்க. உன் கடன் முப்பத்தி நாலு. மிச்ச ஆறு யாரு கட்டுறது, உன் மாமாவா?”

“என் பேர்லதான் வரும்.”

“அதச் சொல்லு. காடியும் போயிரும், கடனும் நிக்கும்.” அவள் அங்கேயே அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் உலு திராமில் பழைய கார் வாங்கி விற்கிறார். வருடம், நிறம், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். கிலோமீட்டர் எனக்குத் தெரியவில்லை. என் பெயரில் உள்ள கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று எனக்கே தெரியாதது வெட்கமாக இருந்தது. நல்லபடியாக இருந்தால் முப்பத்தாறாயிரம் தரலாம் என்றார். வங்கிப் பாக்கியை அவரே நேராகக் கட்டி, மீதியை என்னிடம் கொடுத்துவிடுவார்.

“கேட்டியா? மீதி வேற வருது. பேரு உன் பேரு, காடி உன் காடி. போய்ச் சாவிய வாங்கிட்டு ஓட்டிட்டு வா. ஏன் முழிக்கிற?”

“அக்காவுக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது?”

“காடி என் பேர்ல இருக்கிறது.”

பஸீலா தே தாரிக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “அலமாக், ஐயோ” என்றாள். அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

13 ஜூலை, ஞாயிறு

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் வருவார்கள். வாராவாரம் இல்லாவிட்டாலும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். இந்த வருடம் ஜோகூரில் வார விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றியபோது அம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷம். மாமாவுக்கு மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலையில் எப்போதும் ஞாயிறு விடுமுறை. எங்கள் கடைக்கு அதுவரை வெள்ளிக்கிழமை. இனி எல்லாருக்கும் ஒரே நாள் என்று அம்மா நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு மூன்று மாதமாக வரவில்லை.

காரணம் நான்தான் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு வருடம் மாமா ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை. அதை இங்கே எழுதிவைப்பதுதான் நியாயம். போன வருடக் கடைசியில் தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரியில் வங்கியிலிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. யாருக்கும் சொல்லாமல் அந்த மாதத் தவணையை, ஐந்நூற்று முப்பது வெள்ளி, நானே கட்டினேன். உதவி என்று நினைத்துச் செய்தேன். மார்ச்சில் மாமா கட்டவில்லை. ஒருவேளை, நான் கட்டிக்கொள்வேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். பிறகு ஒவ்வொரு மாதமும் வங்கியின் செய்தியைப் படம் பிடித்து, ‘மாமா, இந்த மாதம் கட்டியாச்சா?’ என்று அவருக்கு அனுப்பினேன். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில், அதே வாக்கியம். அவர் பதில் போடுவதை நிறுத்தினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன. வேறு மாதிரி எழுதியிருக்கலாமோ என்று யோசிக்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

இன்று காலை அம்மா நண்டு வாங்கி வந்தார். நாங்கள் இரண்டு பேர். நான்கு நண்டு.

சமையலறையில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். வங்கி, ஏலம், பஸீலாவின் அண்ணன், எல்லாம். அம்மா நண்டு ஓட்டைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“காடிய வித்துட்டா அவ எப்படி வருவா?”

“இப்ப மட்டும் வர்றாளாம்மா?”

“காடி இருந்தா என்னிக்காச்சும் வருவா.” அடுத்த நண்டை எடுத்துக்கொண்டே, “நீயே கட்டிடேன் லோஷி. மாசம் ஐந்நூறுதானே? அவ புருஷன்மேல நம்பிக்கையா குடும்பம் நடத்திக்கிட்டிருக்கா. அத ஏன் கெடுக்கணும்?”

“நான் ஒரு மாசம் கட்டினதும் அவர் கட்டுறத விட்டுட்டாரு.”

“அதெல்லாம் கணக்குப் பாத்தா குடும்பம் ஆகுமா?”

என் சம்பளத்தில் வீட்டு வாடகை போகும், வகுப்புக் கட்டணம் போகும், அம்மாவின் மருந்து போகும். மிச்சத்தில் கட்டலாம், ஒரு வருடம் ஓட்டலாம். ஆனால் அந்தக் கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இதைச் சொன்னால் மறுபடியும் கணக்குப் பார்க்கிறேன் என்பார்.

மதியம் பக்கத்து வீட்டு வாசலில் ஏதோ கார் வந்து நின்றது. அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினோம். பிறகு இரண்டு பேரும் வேறு எதற்கோ திரும்பியதுபோல நடந்துகொண்டோம்.

அக்காவின் மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. போன தடவை ‘சித்தி’ என்று சொல்ல வராமல் ‘த்தித்தி’ என்றாள். இப்போது சரியாகச் சொல்வாள். அந்த மாற்றம் எந்த நாளில் நடந்தது என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

17 ஜூலை, வியாழன்

கடையில் இருக்கும்போது வங்கியிலிருந்து போன். மரியாதையாகத்தான் பேசினார்கள். நோட்டீஸ் தபாலில் வருகிறது; அதில் போட்டிருக்கும் தேதிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் காரை எடுத்துக்கொள்வார்கள். எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். தங்காக் என்று சொல்லிவிட்டேன். யாரோ இரண்டு பேர் வந்து, அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது காரை இழுத்துக்கொண்டு போவார்கள். அவளுக்கு ஏன் என்றே தெரியாது. தெருவே பார்க்கும்.

அதற்கு முன்னால் நான் போக வேண்டும்.

வகுப்பில் யாரோ சாரிடம் கேட்டார்கள், அந்தக் கட்டங்களில் விழுந்த எண்கள் எப்போது போகும் என்று. “கடன முடிங்க. புது மாசம் வர வர பழைய மாசம் வெளிய போயிரும். பன்னெண்டு மாசம்தான் காட்டும்” என்றார். வங்கி ஒரு வருடத்தில் மறந்துவிடும். நான் குறித்துக்கொண்டது அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மாமாவுக்கு எழுதினேன்: ‘ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.’ படம் எதுவும் இணைக்கவில்லை. நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

காலையில் லார்கின் நிலையத்தில் பஸ் ஏறினேன். அம்மாவிடம் தங்காக் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பாப்பாவுக்கு முறுக்கு கொடுத்துவிட்டார். என் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தேன். முதல் வாக்கியம், ‘அக்கா, நான் உன்கிட்ட ஒன்னு மறைச்சுட்டேன்.’ மற்ற இரண்டையும் எழுதுவதில் பயனில்லை, சொல்லவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து, துணிக்கடைகளைத் தாண்டி, பதினைந்து நிமிட நடை. கார் வாசலில் நின்றது. கழுவித் துடைத்து, நல்ல நிலையில்.

அக்கா இரும்புக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கடையிலிருந்து கூலிக்கு வாங்கி வந்த சேலைகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊசியோடு எழுந்தாள்.

“அம்மாவுக்கு என்ன?”

“ஒன்னுமில்லக்கா. நல்லா இருக்காங்க.”

“சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னா பயமா இருக்காதா? மூஞ்சியப் பாரு, பஸ்ல தூங்கி வழிஞ்சிருக்கு.” கதவைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அந்தக் கை தளரும் முன்பே கேட்டாள். “மூணு மாசம் லோஷி. ஒரு போன் கிடையாது. நான் என்ன செஞ்சேன் உனக்கு?”

“நீதான்க்கா வரல.”

“எப்படி வர? கியர்பாக்ஸ் போயிருச்சு, ஹைவேல ஏத்தக்கூடாதுங்கறாரு. பஸ்ல வரேன்னா, பிள்ளைய தூக்கிட்டு அவ்ளோ தூரமா, வேணாங்கறாரு. நீயாச்சும் ஒரு வார்த்த கேப்பன்னு பாத்தேன்.”

மாமா சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தார், நடந்தே. நான் வரும் நேரம் தெரிந்து போனாரா என்று எனக்குத் தெரியாது. பாப்பா அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள். என்னை மறந்திருக்கிறாள். முறுக்கைக் காட்டியதும் வந்து வாங்கிக்கொண்டு, “நன்றி ஆண்ட்டி” என்றாள்.

அக்கா சிரித்தாள். “ஆண்ட்டி இல்லடி, சித்தி.”

“கியர்பாக்ஸ் ஒன்னும் ஆகலக்கா” என்றேன். தயார் செய்த வாக்கியம் எதுவும் இல்லாமல் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. பிறகு வரிசை தப்பி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வங்கிக்காரர்கள் வரப்போவதை, பிறகு பாக்கியை, பிறகு என் கையெழுத்தை. மாமாவின் பழைய கிரெடிட் கார்டைக் கடைசியில்தான் சொன்னேன். அதை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விட்டால் மற்றது எதுவும் புரியாது.

அக்கா தைப்பதை நிறுத்தவில்லை. ஒரு சேலையின் ஓரம் முடிந்து, நூலைக் கடித்து அறுத்தாள்.

“அம்மாவுக்கும் தெரியுமா?”

“ம்.”

“அன்னிக்கு எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி… நீ பக்கத்துல நின்னு படம் எடுத்துட்டிருந்த.”

“ம்.”

“என் வீட்டுக்காரர் சொன்னா செய்வாருன்னு உன்கிட்டயே சொன்னேன்ல? உன்கிட்டயே.” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “என் தங்கச்சி எனக்குக் காடி எடுத்துக் குடுத்தான்னு அப்பவே சொல்லியிருந்தா, உன் கையப் பிடிச்சு அழுதிருப்பேன்டி. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு.”

நான் சாவி கேட்க வந்திருந்தேன். அதைக் கேட்க வாய் வரவில்லை.

மாமா சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உள்ளே வந்தார். மெலிந்திருந்தார். “வா லோஷி. சாப்பிட்டியா? உனக்கும் சேத்துத்தான் வாங்கினேன்” என்றார். பொட்டலங்களை எண்ணினேன். நான்கு. உண்மையாகவே எனக்கும் வாங்கியிருந்தார்.

“சாவியக் குடுங்க” என்றாள் அக்கா.

“ஷாமளா, நான் சொல்றத…”

“சாவி.”

“அடுத்த மாசம் ஓவர்டைம் திரும்பத் தர்றாங்களாம். ரெண்டே மாசம். நேராக்கிடுவேன்.”

“எத்தன ரெண்டு மாசம்ங்க? என்கிட்ட கியர்பாக்ஸ்னீங்க, அவகிட்ட என்ன சொன்னீங்க? ஒன்னும் சொல்லல. பிள்ள சித்திய ஆண்ட்டிங்குது.”

“மூவாருக்கு நான் எப்படிப் போறது?”

“தொழிற்சால பஸ்ஸு சந்தியில நிக்குது, தினமும் பாக்கறேன். ஏறுங்க.”

மாமா சாவியை அக்காவிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை. மேசைமேல் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வெளியே போய் காரில் இருந்த தன் பொருட்களை எடுத்தார். குடை, ஒரு சட்டை, தொழிற்சாலை அட்டை. டோல் அட்டையை எடுத்துப் பையில் போட்டவர் திரும்ப எடுத்து அதே இடத்தில் வைத்தார். “பதினெட்டு வெள்ளி இருக்கும். வீடு போய்ச் சேர்றதுக்குப் போதும்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“விக்கறதுல மீதி வந்தா உங்களுக்குத்தான் மாமா. நீங்கதான் இத்தன நாள் கட்டினீங்க” என்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் காரில் ஏறியபோது பாப்பா பின்கதவைத் தட்டினாள். எங்கேயோ போகிறோம் என்று நினைத்து, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏறி, இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் அவள் இடம். அக்கா வந்து தூக்கினாள். வர மாட்டேன் என்று கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து ஒட்டிக்கொண்டாள்.

“அடுத்த ஞாயிறு பஸ்ல வாக்கா. லார்கின்ல நான் வந்து நிக்கறேன்” என்றேன்.

“பாக்கலாம்” என்றாள்.

இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளை என் உயரத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை ஏறும் வரை கையெல்லாம் வேர்வை. பிறகு கார் நன்றாகத்தான் ஓடியது. நான் ஓட்டும்போது என் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து, “மெதுவாப் போடி, லாரி வருது” என்று கத்திக்கொண்டே வருவாள் என்று எப்போதோ நினைத்திருக்கிறேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பின்சீட்டு காலியாக இருந்தது. அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யோங் பெங் தாண்டும் வரை ‘பாக்கலாம்’ என்று சொன்ன குரலைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தேன். வருவேன் என்பதற்கும் அவள் அப்படித்தான் சொல்வாள். வர மாட்டேன் என்பதற்கும்.

எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. அந்தக் கார் சத்தம் அம்மாவுக்குத் தெரியும். நான் நிறுத்தும் முன்பே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கேட்டைத் திறந்தார். நேராகப் பின்கதவுக்குப் போய்க் குனிந்து உள்ளே பார்த்தார்.

“எங்க அவங்க?”

“வரலம்மா. நான் மட்டும்தான்.”

அம்மா கேட்டை மூடினார். உள்ளே வந்து தேநீர் வைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். அக்கா அழுதாளா என்று கேட்டார். கடைசியில், மிகவும் மெதுவாக, “வித்துத்தான் ஆகணுமா? இப்ப உன் கையிலதான் இருக்கு. நீயே வச்சுக்கோயேன். ஞாயித்துக்கிழமையானா நாம ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்” என்றார். “அவ வரலன்னா என்ன, நாம போலாம்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உடனே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் காரை நான் மனத்தில் வைத்துக்கொண்டேன். அம்மா முன்சீட்டில், மடியில் பாத்திரம், நண்டுக் குழம்பு சிந்தாமல் துணி சுற்றி. நினைக்க நினைக்க வேண்டும்போலவே இருந்தது. பிறகு எழுந்துபோய் தாளில் போட்டுப் பார்த்தேன். பாக்கி மூன்று மாதம், இந்த வருடக் காப்புறுதி, ஒவ்வொரு மாதமும் தவணை, பெட்ரோல் எண்ணெய், டோல். வேலை ஒரு மாதம் தடுமாறினாலும் மறுபடி அதே கட்டங்களில் அதே எண்கள். மாமாவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும்; அவர் கெட்டவர் என்பதால் நடந்ததல்ல அது. கடைசியில் பஸ்ஸையும் போட்டுப் பார்த்தேன். நானும் அம்மாவும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பஸ்ஸில் தங்காக் போய் வந்தாலும் தவணையில் பாதிகூட ஆகாது. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அவ கதவத் திறப்பாளா?” என்று கேட்டார் அம்மா.

“தெரியலம்மா.”

“சரி. வித்துரு” என்றார். தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீடு வந்து சேர்ந்தேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இன்னும் இல்லை. டோல் போக அட்டையில் மிச்சம் இருப்பதையும் மாமாவுக்குச் சேர வேண்டிய கணக்கில் எழுதிவிட்டேன். சரியாக எழுதினேனா என்று இரண்டு முறை பார்த்தேன்.

கேட்டைப் பூட்ட வெளியே போனபோது காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். சீட்டு இடுக்கில் முறுக்குத் துண்டுகள். இடது பின்கண்ணாடியில், உள்பக்கம், பத்து விரல்களும் அப்படியே இருக்கின்றன.

பஸீலாவின் அண்ணன் காரைக் கழுவிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

நாளை, திங்கள்: கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு வெளிப்பக்கம் கழுவ வேண்டும், பிறகு உள்ளே கூட்ட வேண்டும், கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும், பின்பக்கம் இடதையும். வங்கி திறந்ததும் கடனை முடிக்க எவ்வளவு என்று கடிதம் வாங்கி, பன்னிரண்டு மணிக்குள் காரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.